இடிஞ்ச பள்ளிக் கிணறு

உங்களுக்கெல்லாம் இந்த வயதில் எந்தச் சத்தம் எரிச்சல் தருமோ தெரியாது. பக்கத்து வீட்டு நாய், விடியப்புறமே தொடங்கிவிடுகிற ஒலிபெருக்கி, பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசி என்று ஆளுக்கொன்று இருக்கும். எனக்கு விசில். யார் ஊதினாலும், எதற்கு ஊதினாலும் பத்திக்கொண்டு வரும். பஸ் கொண்டக்டர் ஊதினால்கூடத் திரும்பி முறைத்துப் பார்ப்பேன். பாவம், அந்தப் பிள்ளை என்ன பிழை செய்தான்!

போன மாதம் தங்கையின் மகள் வந்து நின்றாள். "பெரியம்மா, உங்கடை ஊர் இடிஞ்ச பள்ளியை வடிவாத் திருத்தி வைச்சிருக்கினமாம். வாங்கோ, ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றாள். அவள் ஊரில் பிறக்காதவள். அவளுக்கு அது படம் எடுக்கிற இடம். நான் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் விடவில்லை. கடைசியில் நாங்கள் இப்போது இருக்கிற உரும்பிராயிலிருந்து ஓட்டோ பிடித்து, அச்சுவேலிச் சந்தையில் இறங்கி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, வடக்கே கடல் பக்கமாகப் போனோம். வீட்டில் அம்மா கட்டிலில் படுத்திருந்தார். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், எழும்ப முடியாது, ஆனால் வாய் மட்டும் அன்றுபோலவே இருக்கிறது. எங்கே போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூரை பறந்திருக்கும்.

அங்கே வாசலில் மூன்று மொழிகளில் பலகை. பழைய காலத்தில் கடல் வழியாக வந்த சோனக வணிகர்கள் கட்டிய பள்ளிவாசலாம். முருகைக்கல்லும், அதாவது கடல் பவளப்பாறைக் கல்லும், சுண்ணாம்பும் கொண்டு கட்டியதாம். கீழே இன்னொரு வரி: "இங்குள்ள நன்னீர்க் கிணறு வழிப்போக்கர் அனைவருக்கும் பொதுவானதாக இருந்தது." அதற்கும் கீழே, சிவப்பு மையில்: "கிணற்றுக்கு அருகில் செல்லக் கூடாது."

"என்ன பெரியம்மா சிரிக்கிறியள்?" என்றாள் பெட்டை.

"சிரிக்கேல்லைப் பிள்ளை. பல்லைக் கடிக்கிறன்" என்றேன்.

எங்கள் சின்ன வயதில் பலகையும் இல்லை, வேலியும் இல்லை. நாலு சுவரில் இரண்டே கால் சுவர் நின்றது. கூரை எப்போது விழுந்ததோ யாருக்கும் தெரியாது. மேற்குப் பக்கச் சுவரில் வளைவாகக் குடைந்த ஒரு மாடம் இருந்தது. தொழுகிறவர்கள் திசை பார்த்து நிற்கிற இடம் அதுதான் என்று பின்னாளில் அறிந்தேன். அப்போது அது எங்கள் விளையாட்டுச் சாமான்களை ஒளித்து வைக்கிற இடம். கல்லைத் தடவினால் விரலில் சிப்பி முட்டும். உள்ளே போனால் வௌவால் நாற்றம், வெளியே வந்தால் கடல் மணம். சுவருக்குத் தெற்கே, கற்றாழைப் பற்றைக்கு நடுவே, கிணறு.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கத்து ஊர். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது, சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணிக்குப் பால் விட்டால் திரைந்து போகும். நல்ல தண்ணீர் இரண்டே இடத்தில். ஒன்று பெரிய வளவுக்காரரின், அதாவது ஊர்ப் பெரிய வீட்டுக்காரரின், கிணறு. அதில் நாங்கள் அள்ளக் கூடாது. எங்கள் சாதிக்காரர் குடத்தை எட்ட வைத்துவிட்டு நிற்க வேண்டும். அந்த வீட்டு ஆள் யாராவது மனம் வந்து, நேரம் வந்து, அள்ளி வார்த்தால் தண்ணீர். இல்லாவிட்டால் நின்றபடி நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரியாத மாதிரி இருக்கப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

அம்மா கல்யாணம் முடித்து வந்த புதிதில் அப்படித்தான் நின்றிருக்கிறார், என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு. ஒருநாள் உச்சி வெயிலில் வெகுநேரம் நின்ற பிறகு அந்த வீட்டுப் பெடியன் ஒருவன் வந்து, குடத்தில் வார்க்காமல் அவர் தலையில் வார்த்துவிட்டுச் சிரித்தானாம். அம்மா வெறுங்குடத்தோடு திரும்பினார். வீட்டுக்கு வராமல் நேரே இடிஞ்ச பள்ளிக்குப் போனார். அங்கே ஜின் இருக்கிறது என்று ஊரே பயந்து ஒதுங்கிய காலம். "ஜின் எண்டாலும் என்ன, தலையிலை ஊத்தாது தானே" என்றுவிட்டு, கற்றாழையை விலக்கி, அங்கே கிடந்த பழங்கயிற்றில் குடத்தைக் கட்டி இறக்கி, தானே அள்ளிக் குடித்தார். தேன் மாதிரித் தண்ணீர் என்று சொல்வார். அதன் பிறகு எங்கள் ஒழுங்கை முழுக்க அங்கேதான் அள்ளியது. அப்பு, அதாவது என் அப்பா, அம்மாவுக்கென்று பனையோலையில் ஒரு பட்டை இழைத்துக் கொடுத்தார். அந்தப் பட்டையால் அள்ளினால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது.

நான் சொல்லப்போவது ஒரு கோடைகாலத்துக் கதை. மழையைக் காணோம். பெரிய வளவுக்காரர் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தார். அவருக்குப் பள்ளிச் சுவரில் கண் விழுந்தது. வண்டில் கட்டி வந்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்க முருகைக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். சுவர் போனால் அடுத்தது காணி, காணி போனால் புகையிலைத் தோட்டம், தோட்டம் வந்தால் கிணறு அவர்களுடையது. இது எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கியது.

எங்கள் தலைமை வாத்தியார் நல்ல மனிதர், ஆனால் பழைய கல்லைக் கண்டால் சாப்பாடு மறந்துபோகிறவர். அவர் அப்புவைக் கூப்பிட்டு, இதைப் புராதனச் சின்னமாக்கிவிட்டால் ஒருவரும் கை வைக்க முடியாது என்று சொன்னார். கொழும்புக்குத் தான் எழுதுவதாகவும் சொன்னார். அப்புவுக்கு அது பெரிய வேதவாக்காகிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கினார்.

"ஒருத்தற்றை சொத்தெண்டால் தானே எங்களுக்குத் தடை? அரசாங்கத்தின்ரை எண்டால் எல்லாருக்கும் பொது. வந்து அள்ளாதை எண்டு பிறகு எவன் சொல்லுவான்?"

"ஆராவது சொல்லுவாங்கள்" என்றார் அம்மா. அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்.

"உமக்கு எதுக்கும் ஒரு அவச்சொல்!" என்று அப்பு சீறினார்.

கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. அப்புவும் ஒழுங்கைக்காரரும் கற்றாழை வெட்டி, குப்பை கூட்டி, விழுந்த கல்லை அடுக்கினார்கள். அதோடு நின்றிருக்கலாம். நின்றார்களா? இல்லையே! அப்பு கூலிக்கு வெள்ளையடிக்கிறவர். வருசா வருசம் கொடியேற்றத்துக்கு முன்னால் ஊர்க் கோவிலின் வெளிமதிலுக்கு வெள்ளையும் காவியும் அடிப்பது அவர்தான். அந்தக் கோவிலுக்குள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை, மதில் அடிக்க மட்டும் அனுமதி. சாமி இருக்கிற சுவருக்கு மரியாதை செய்வதென்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. பள்ளியின் இரண்டே கால் சுவரிலும் வெள்ளை ஒரு பட்டி, காவி ஒரு பட்டியாக அடித்து முடித்துவிட்டார்! தன் கைக்காசில் காவி வாங்கி!

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். பிறகு தலைமை வாத்தியாரைப் பார்த்து, "இது என்ன கோயிலா?" என்று கேட்டார். வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பு மட்டும் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார், பாராட்டப்போகிறார்கள் என்று. அந்த முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. யாரைத் திட்டுவதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு அந்தக் காவியைத் தேய்த்துக் கழுவியதும் அதே சனம்தான். நல்ல தண்ணீர் வாளி வாளியாகப் போனது. துணிக்கார நானா என்று ஒருவர் யாழ்ப்பாணத்துச் சோனகதெருவிலிருந்து சைக்கிளில் சீத்தைத் துணி கட்டிக்கொண்டு விற்க வருவார். வரும்போதெல்லாம் அந்தக் கிணற்றில் கைகால் கழுவி, சுவருக்குள் நின்று தொழுதுவிட்டுப் போவார். அவரும் அன்றைக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார். "அடிச்சவன்ரை மனசு வெள்ளை தானே, விடுங்கோ" என்று சிரித்தார். எங்களிடம் அவர் ஒருபோதும் யார், எந்த ஒழுங்கை என்று கேட்டதில்லை. பள்ளிக் கிணற்றில் அள்ளுகிறவனை அப்படிக் கேட்கக் கூடாதாம்.

அதிகாரி திருப்தியாகத்தான் போனார். காவி போன பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இடிந்த இடங்களுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசினார்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி. நுழைய ஒரு படலை. பலகை. காவலுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். இவ்வளவு அக்கறையாக வேலை செய்த ஆளை விட்டுவிட்டு வேறு யாரைப் போடுவார்கள்? அப்புவுக்குக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் முதல் அரசாங்கச் சம்பளம் அது. அம்மாவே சட்டையைத் தோய்த்து மடித்து வைத்தார். வேலி ஏன் கிணற்றையும் சேர்த்து வளைத்திருக்கிறது என்று முதலில் கேட்டதும் அம்மாதான். அப்பு, "கிணறும் பழசு தானே. அதையும் காப்பாத்தத் தான்" என்றார். ஆரிடமிருந்து என்று அம்மா கேட்டார். அப்பு விசிலைத் துடைக்கத் தொடங்கினார்.

முதல் நாள் காலையில் பெரிய வளவு வண்டில் வழக்கம்போலக் கல் ஏற்ற வந்தது. அப்பு படலையில் நின்று விசில் ஊதினார். வண்டில்காரன் ஏசினான். அப்பு திரும்ப ஊதினார். வண்டில் வெறுமனே திரும்பியது. பிறந்த நாளிலிருந்து அந்த வளவுக்கு முன்னால் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற மனிதர், அன்றைக்கு அவர்களைத் திருப்பி அனுப்பினார்! ஒழுங்கையே கூடி நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். அன்றைக்கு அப்பு எனக்கு மற்ற நாள்களைவிட உயரமாகத் தெரிந்தார்.

அன்று பின்னேரம் அம்மா குடத்தோடும் ஓலைப் பட்டையோடும் வந்தார். நானும் ஒரு சின்னக் குடத்தோடு பின்னால் வந்தேன். தெருவோரம் அந்த வண்டில்காரன் பீடி குடித்துக்கொண்டு நின்றான். வேண்டுமென்றேதான் நின்றான் என்பது இப்போது விளங்குகிறது.

"இஞ்சரும், உள்ளை வரக் கூடாது" என்றார் அப்பு, தணிந்த குரலில்.

"ஆர் சொன்னது?"

"சட்டம்."

"அப்ப சட்டத்தை வந்து எனக்கு முன்னாலை நிக்கச் சொல்லுங்கோ" என்றுவிட்டு அம்மா படலையைத் தள்ளிக்கொண்டு போனார். கிணற்றுக் கட்டடியில் குடத்தை வைத்தார். பட்டையை இறக்கினார்.

தெருவிலிருந்து வண்டில்காரன் கத்தினான். "என்னடா, எங்களுக்கொரு சட்டம், உன்ரை பெண்டிலுக்கொரு சட்டமோ?"

அப்பு அவனைப் பார்த்தார். அம்மாவின் முதுகைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். அவர் ஊதமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஊதினார்.

அம்மாவின் கை கயிற்றை விட்டுவிட்டது. பயந்து விட்டாரோ, ஆத்திரத்தில் விட்டாரோ தெரியாது. கயிறும் பட்டையும் சேர்ந்து உள்ளே போயின. அம்மா குனிந்து கிணற்றுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்புவைப் பார்த்தார். வெறுங்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். என் அம்மா வாய் திறக்காமல் நடந்து போனதை நான் முதன்முதலாக அன்றுதான் கண்டேன்.

ஒழுங்கைச் சனம் கொஞ்ச நாள் புறுபுறுத்துவிட்டுப் பழையபடி பெரிய வளவுக் கிணற்றுக்கே போனது. "கிணத்தைக் காப்பாத்திறம் எண்டு வெளிக்கிட்டு வேலி போட்டுக் குடுத்திட்டு வந்திருக்கிறார்" என்று அப்புவைப் பழித்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அம்மா எங்கும் போகவில்லை. எங்கள் வளவுச் சவர்க் கிணற்றில் அள்ளி, அதிலேயே சமைத்தார்.

இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். புதுச் சுண்ணாம்புப் பூச்சு வெடிக்காமல் இருக்கத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகவே காவல்காரன் மட்டும் அந்தக் கிணற்றில் அள்ளலாம். அப்பு விடியவும் பொழுதுபடவும் நல்ல தண்ணீரை அள்ளி அள்ளிச் சுவருக்கு ஊற்றினார். கல் குடித்தது. நாங்கள் வீட்டில் உப்புத் தேத்தண்ணி குடித்தோம்.

அவருக்கு மட்டும் மனம் கேட்டிருக்குமா? ஒருநாள் புதுக்குடம் வாங்கிக்கொண்டு அந்த வழியால் வந்த அம்மாவை வேலிக்கு அருகே மறித்தார். நானும் கூட நின்றேன்.

"சுவருக்கு ஊத்திறதிலை ஒரு குடம் குறைஞ்சால் ஆர் காணப் போறான்? குடத்தை வேலிக்கு மேலாலை நீட்டும். நான் வார்க்கிறன்."

அம்மா குடத்தை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. "வார்க்கிற தண்ணி எனக்கு வேண்டாம். வார்க்கிற தண்ணி வேண்டாமெண்டு தானே இஞ்சை வந்தனான். அள்ள விடுறதெண்டால் விடுங்கோ."

"விசர்க் கதை கதையாதையும்! நான் உம்மடை மனிசன்."

"வேலிக்கு அங்காலை நிக்கேக்கை நீங்கள் காவல்காரன். அந்த வளவுக்காரர் வார்த்தாலென்ன, நீங்கள் வார்த்தாலென்ன, நான் குடத்தை வைச்சுக்கொண்டு நிக்க வேணும் தானே?"

அப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்கோ அழுகை வந்தது. எனக்கு மானமும் தெரியாது, ரோசமும் தெரியாது, ஒரு வாய் நல்ல தண்ணீர்தான் வேண்டியிருந்தது. குடத்தை நீட்டேன் அம்மா என்று மனதுக்குள் கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

நானாவும் அந்தக் கிழமை வந்தார். படலை பூட்டியிருந்தது. "பள்ளியைப் பள்ளிக்காரன் பாக்க ஏலாதோ?" என்று சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. அப்பு தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப இது பள்ளி இல்லையாம் நானா, சின்னமாம்" என்றார். நானா தெருவோரத்தில் துணியை விரித்துத் தொழுதார். அதுவரைக்கும் அப்பு அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாளில், சண்டைக் காலத்தில், அந்த நானாவின் சனத்தையே, சோனகர் எல்லாரையும், ஒரே நாளில் குடாநாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள் இயக்கக்காரர், தமிழரான எங்கள் பெயரைச் சொல்லித்தான் சொன்னார்கள். அவர் தன் வீட்டுக் கிணற்றையும் விட்டுவிட்டுத்தான் போயிருப்பார். எங்கே போனார், இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

மத்தியானத்தில் அப்புவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஒருநாள் போனபோது அவர் சுவருக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு, கையைத் துடைத்து, ஒரு சோடாப் போத்தலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார். சோடாவாக்கும் என்று ஆசையில் வாங்கி ஒரு மிடறு விழுங்கினேன். சவர்த் தண்ணீர். எங்கள் வீட்டுத் தண்ணீர்.

"ஏனப்பு, பக்கத்திலை கிணறு கிடக்கு, இதைக் குடிக்கிறியள்?"

"கொம்மா குடிக்கிறதைத் தான் நானும் குடிப்பன்" என்றார். "அவவுக்குச் சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? விடியக் காலமை அந்தப் போத்தலை நிரப்பி அவருடைய சைக்கிளில் கட்டி வைப்பதே அம்மாதான். அம்மா நிரப்புவது அப்புவுக்குத் தெரியும், அப்பு அதையே குடிப்பது அம்மாவுக்குத் தெரியும். ஒருவராவது வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டுமே! மாட்டார்கள். மழை வந்தது, கோடை போனது, வருடங்கள் போயின, போத்தல் மட்டும் போய் வந்துகொண்டே இருந்தது. அப்பு வேலையை விட்டிருந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவர் விசில் ஊதிக்கொண்டிருந்த வரைக்கும் பெரிய வளவு வண்டில் திரும்ப வரவேயில்லை. இதை நினைத்தால் என் கோபம் பாதியில் நின்றுவிடும், அது எனக்கு இன்னும் எரிச்சல். சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தபோது அப்பு காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டுதான் வந்தார். ஊர் திரும்பாமலே செத்தும் போனார்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். கிணற்றடியில் இரும்புக் கம்பி மூடி. அதில் ஒரு சின்னக் கதவு. கப்பி, நைலோன் கயிறு, பிளாஸ்டிக் வாளி. காவல்காரப் பெடியன் அந்த வாளியால் தண்ணீர் அள்ளி, பாதையோரம் வரிசையாக வைத்திருந்த குரோட்டன் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். நான் நேரே அவனிடம் போனேன்.

"தம்பி, அந்த வாளியை ஒருக்காத் தாரும்" என்றேன்.

"ஏலாது அம்மா. கிணத்தடிக்கு ஆக்களை விடக் கூடாது."

"குரோட்டனுக்கு ஏலும், எனக்கு ஏலாதோ?"

"தாகமெண்டால் சொல்லுங்கோ" என்றான், உண்மையிலேயே அன்பாக. "கையை ஏந்துங்கோ, நான் வார்க்கிறன்."

அவன் பாவம், அவனுக்கு என்ன தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு என் கால் நிற்கவில்லை. பாதையோரம் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போனேன். "பெரியம்மா, உங்களுக்கு என்ன விசரோ!" என்று பெட்டை கத்தினாள். கம்பிக் கதவைத் திறந்து, அவன் வைத்துவிட்டிருந்த வாளியை இறக்கினேன். தண்ணீரில் அது விழுகிற சத்தம் அப்படியே பழைய சத்தம். இழுக்கத் தொடங்கியபோது பின்னால் விசில் கேட்டது. கயிறு கையில் கொஞ்சம் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். ஊதடா, நல்லா ஊது என்றேன். வாளி மேலே வந்தது. பையில் கிடந்த வெறும் போத்தலில் நிரப்பிக்கொண்டு, அவனுக்கு இரண்டு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவன் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். நான் ஒரு மிடறும் குடிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தொடங்கிவிட்டார். "எங்கையடி ஊர் சுத்திப்போட்டு வாறாய்? ஆருமில்லாமல் நான் இஞ்சை நாக்கு வறண்டு கிடக்கிறன்."

கட்டிலோரம் போய் உட்கார்ந்தேன். அவர் தலையைத் தூக்கி, போத்தலிலிருந்து டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தேன். ஒரு மிடறு உள்ளே போனது. அம்மாவின் வாய் நின்றது. கண்ணும் நின்றது.

"ஆர் அள்ளினது?" என்றார்.

"நான் தான்."

"விசில் ஊதேல்லையோ?"

"ஊதினவன்."

"நீ கயித்தை விடேல்லையோ?"

"விடேல்லை அம்மா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "உன்ரை அப்புவும் இதைக் குடிக்கேல்லை" என்றார். "விசர் மனிசன்."

பிறகு என் கையிலிருந்த டம்ளர் பக்கமாக முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் வார், பிள்ளை" என்றார்.